மழை மாதத்துக் கோப்பை

என் அம்மா கொழுந்து பறித்த எஸ்டேட்டின் தேயிலையை இனி வாங்க வேண்டாம் என்று ஒரு கூட்டத்தில் முடிவு செய்தார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். இரண்டு வாக்கியம் பேசியிருந்தால் முடிவு தள்ளிப் போயிருக்கும். நான் பேசவில்லை.

பேச வராமல் நின்றேன் என்று நினைத்து இரக்கப்பட்டுவிடாதீர்கள். பேசத் தெரியும். என்ன பேச வேண்டும் என்றும் தெரியும். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன்...

இதை யாரிடமும் சொன்னதில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன், அதுவே எளிதாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்டு வரவில்லை. மன்னிக்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்கு இது தெரியாது. நான் இன்னும் அதே கம்பெனியில்தான் வேலை செய்கிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாந்தேன் என்று சொல்லக் கூடாது பாருங்கள்.

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற சாலையில், பஸ் மூச்சு வாங்கித் திரும்பும் ஒரு வளைவில் இறங்கி, தேயிலைக்குள் கீழே நடந்தால் எங்கள் லயம் வரும். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். அங்கே பிறந்தவர்களுக்கு எதிர் மலை என்பது பாதி நாள் ஒரு நம்பிக்கைதான். இருக்கிறது என்று தெரியும், கண்ணுக்குத் தெரியாது. பனி வந்து வாசலில் நிற்கும், பிறகு உள்ளே வரும், பிறகு நமக்கும் அடுப்புக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். அந்த வெண்மைக்குள்ளிருந்து பெண்களின் பேச்சு மட்டும் வரும். சிறு வயதில், ஆட்கள் இல்லாமலே குரல்கள் மட்டும் கொழுந்து பறிக்கின்றன என்று நான் நம்பியிருந்தேன்.

அந்த ஊரின் ஒரு வழக்கத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாவிட்டால் என் குற்றம் உங்களுக்குக் குற்றமாகவே படாது.

காலையில் வேலைக்குப் போகுமுன் எல்லாரும் வந்து கூடும் இடத்துக்குப் பெரட்டு என்று பெயர். இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறித் திரும்பியபோது எங்கள் ஆட்கள் சட்டி பானையோடு சேர்த்துக் கொண்டுவந்த சொல். எஸ்டேட் மேனேஜரான துரை வந்து நிற்பார். "நாளைக்கு ஞாயிறு. கொழுந்து நெறைய நிக்குது. எல்லாரும் வந்துருவீங்கல்ல?" என்பார். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். முடியாது என்று துரை முகத்துக்கு நேரே சொல்வது மரியாதை இல்லை. சரிங்க என்று சொல்லிவிட்டால் வந்தாக வேண்டும். ஆகவே பெண்கள் முந்தானையைச் சரி செய்வார்கள், யாராவது இருமுவார்கள், துரை கொஞ்ச நேரம் வானத்தைப் பார்ப்பார். கணக்கப்பிள்ளை, அதாவது துரைக்கும் ஆட்களுக்கும் நடுவில் நின்று வேலை வாங்குகிறவர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், மெல்ல முன்னால் வருவார்.

"இந்த வாரம் வேண்டாமுங்க தொரை. அடுத்த வாரம் பாத்துக்கலாமுங்க."

அவ்வளவுதான். சண்டை இல்லை, சச்சரவு இல்லை.

மௌனம் சம்மதம் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அப்படிச் சொன்னவர் எங்கள் பெரட்டுக் களத்தில் ஒரு நாளும் நின்றதில்லை! எங்களுக்கு மௌனம் என்றால் முடியாது. பெண் கேட்டு வந்தவருக்கும் அதுதான் பதில், சங்கத்துக்குச் சந்தா கேட்டு வந்தவருக்கும் அதுதான் பதில். எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறோமோ அவ்வளவு உறுதியான முடியாது.

அப்பா நான் சிறுமியாக இருந்தபோதே போய்விட்டார். அம்மா கொழுந்து பறித்து என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தாள். குன்னூரில் தேயிலை ஏலத்துக்கு மாதிரிகளைச் சுவைத்துப் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் எடுபிடியாகச் சேர்ந்தேன். கோப்பை கழுவப் போனவளுக்கு நல்ல நாக்கு இருப்பதை அங்கே யாரோ கண்டுபிடித்தார்கள். பிறகு அங்கே சரக்கு பார்க்க வந்த ஓர் ஆங்கிலேயக் கம்பெனிக்காரர் கண்டுபிடித்தார். ஒரு நாள் பார்த்தால், இங்கிலாந்தில் ஒரு துறைமுக நகரத்தில், அடுத்தவருடைய கம்பளிக் கோட்டுக்குள் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அங்கேயும் பனிதான். கடலிலிருந்து ஏறி வரும் பனி. முதல் சில மாதங்கள் நான் விழித்திருந்தேனா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். அலுவலகத்துக்கு நடக்கும்போது அடுத்த திருப்பத்தில் எங்கள் லயம் வந்துவிடும் என்று தோன்றும். திருப்பம் வரும், தபால் நிலையம் நிற்கும். மறுநாளும் அதே எண்ணம் வரும், அதே தபால் நிலையம் நிற்கும். கடல் பறவைகளின் கத்தலில் லயத்துப் பிள்ளைகளின் அழுகை கேட்கும். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தண்ணீருக்கடியிலிருந்து எழுந்து வருவது போல எழுந்து வருவேன்.

கொள்முதலுக்குத் தலைவி ஹெலன். ஐம்பதைத் தாண்டியவள், சைக்கிளில் வருவாள். "ஹெலன் என்று கூப்பிடு" என்றாள் முதல் நாளே. எப்படிக் கூப்பிடுவது? அம்மா வயதுக்காரியை, அதுவும் துரை ஸ்தானத்தில் இருப்பவளை! மேடம் என்றால் சிரிக்கிறார்கள். ஆகவே எதுவுமே கூப்பிடாமல் காலம் தள்ளினேன். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவள் மேசைக்குப் பக்கத்தில் போய், அவளாக நிமிர்ந்து பார்க்கும் வரை நிற்பேன். அவள் பாவம், பல தடவை திடுக்கிட்டிருக்கிறாள்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. கூட்டத்தில் ஹெலன், "மாதிரிகள் சனிக்கிழமை வருகின்றன. எல்லாரும் அரை நாள் வந்துவிடலாம், சரிதானே?" என்றாள். சனிக்கிழமை நான் அம்மாவோடு பேசும் நாள். அம்மா மேல் சாலையில் இருக்கும் டெலிபோன் பூத்துக்கு ஏறி வந்து காத்திருப்பாள். நான் குனிந்து மேசையைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததால், வர முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்ட நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை ஹெலன் என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டாள்.

"நீ வருவதாக இருந்ததே?"

"வருகிறேன் என்று சொல்லவில்லையே."

"வர மாட்டேன் என்றும் சொல்லவில்லையே!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள்தான் முதலில் சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்கள் பெரட்டைப் பற்றி அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் பொறுமையாக விளக்கினாள். இங்கே பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வோம். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். உன் கருத்தைச் சொல்லத்தான் உன்னை வேலைக்கு வைத்திருக்கிறோம்.

எவ்வளவு தெளிவாகச் சொன்னாள் என்று பாருங்கள்... இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. எனக்குச் சொல்லித் தரப்பட்டது. நான் கற்றுக்கொண்டேன்.

குளியலறைக் கண்ணாடி முன் நின்று, "எனக்கு இதில் உடன்பாடில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பழகினேன். ஜன்னலில் வந்து உட்காரும் புறாவிடம் சொன்னேன். அது பறந்துபோயிற்று. ஒரு நாள், எல்லாரும் மெச்சிய ஓர் ஆப்பிரிக்கத் தேயிலையை நான் மறுத்தேன். இன்று பளிச்சென்று இருக்கிறது, பெட்டியில் கிடந்தால் உயிர் போய்விடும் என்றேன். காது மடல் எரிந்தது. ஆனால் அப்படியே ஆயிற்று. அதன் பிறகு எனக்கு ருசி கண்டுவிட்டது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, நான் நன்றாகவே பிழைத்தேன். அறையின் சூடு போதாது என்று சொன்னேன். மதியம் அந்தக் கடை வேண்டாம் என்று சொன்னேன். ஹெலனை ஹெலன் என்று கூப்பிட்டேன். வெள்ளைக்காரர்கள் சூழ உட்கார்ந்து உடன்பாடில்லை என்று சொன்ன முதல் லயத்துப் பெண் நான்தான் என்ற கர்வம் எனக்கு இருந்தது.

அதே காலத்தில்தான் ஊரில் தேயிலை விலை விழுந்தது.

முன்பு வாங்கியவர்கள் வாங்குவதை நிறுத்தினார்கள் என்றார்கள், உற்பத்தி கூடிவிட்டது என்றார்கள். காரணம் எதுவானால் என்ன? சிறு தோட்டக்காரர்கள் பறிக்கிற கூலிக்குக் கட்டுப்படியாகாமல் கொழுந்தைச் செடியிலேயே விட்டார்கள். ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக மூடின. சனிக்கிழமைகளில் அம்மாவின் குரல் மெலிந்துகொண்டே வந்தது.

"வாரத்துல பாதி நாளுதான் வேலை புள்ள. மிச்ச நாளு சும்மாதான் குந்தியிருக்கோம். ஆனா நம்ம ஃபேக்டரி ஓடுது. உங்க கம்பெனிக்கு நம்ம தூளு போகுதாமே? கணக்கப்பிள்ளை ஐயா சொன்னாரு. நீ அங்க இருக்கப்போய்த்தான் வாங்குறாங்கன்னு லயத்துல எல்லாரும் பேசிக்கிறாங்க."

நான் வருவதற்கு முன்பிருந்தே வாங்குகிறார்கள், எனக்கு அதில் சம்பந்தம் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பேச்சு இனித்தது. சாப்பிட்டியாம்மா என்று கேட்டேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

மார்கழி. துறைமுகமே தெரியாத வெண்மை. நீளமான மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக ஆவி விட்டுக்கொண்டிருந்தன. கரண்டியால் எடுத்து உறிஞ்சி, வாயெல்லாம் சுழற்றி, எச்சில் தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர வேண்டும். நாலைந்து பேர் அப்படி நகர்ந்துகொண்டிருந்தோம். அட்டையில் பெயர் பார்க்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆவியிலேயே தெரிந்துவிட்டது.

அது ஐப்பசிச் சரக்கு. அடைமழையில் எங்கள் இலை தண்ணீரைக் குடித்துக் கனத்து நிற்கும். எவ்வளவு நேரம் பரப்பிப் போட்டாலும் வாடாது. ஈர விறகு புகையும், புகை தூளில் ஏறும். நல்ல காலத்திலேயே அப்படி. நொடித்துப்போன காலத்தில் காய்ந்த விறகுக்கு எங்கே போவார்கள்? ஆனால் அதே செடி தை, மாசியில் வேறு செடி. உறைபனி விழுந்து தளிர் வளர முடியாமல் நின்று, உள்ளுக்குள்ளேயே மணத்தைச் சேர்த்து வைத்திருக்கும். அந்தத் தூளில் போட்ட தேநீரைக் குடித்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்த பிறகும் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள். இது எனக்குத் தெரியும். அந்த அறையில் எனக்கு மட்டும்தான் அவ்வளவு தெரியும்.

எனக்கு முன்னால் கிரெக் இருந்தான். நல்ல பையன், எல்லாரையும் சிரிக்க வைப்பவன். உறிஞ்சினான், முகத்தைச் சுளித்தான், துப்பினான்.

"யாரோ நனைந்த கம்பளியை அடுப்புக்கு மேல் உலர்த்தியிருக்கிறார்கள்" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள்.

மழை மாதத்தில் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, போர்த்திப் போய் நனைந்த கம்பளியை அடுப்புக்கு மேல் கட்டிய கொடியில்தான் போடுவாள். அதன் கீழேதான் நான் படித்தேன். அந்த வாசனையில்தான் தூங்கினேன். கிரெக் கேலிக்குச் சொன்னது அச்சு அசலாக எங்கள் வீடு.

நானும் சிரித்தேன். பிறகு என் முறை வந்தது. உறிஞ்சினேன்... எங்கள் வீடு என் வாய்க்குள் இருந்தது. துப்பினேன்.

மதியம் கூட்டம். ஹெலன் ஒவ்வொரு சரக்காகச் சொல்லிக்கொண்டே வந்தாள். எங்களுடையது வந்தது. இந்தத் தரம் இதைவிட நன்றாகவே வேறு இடங்களில் கிடைக்கிறது, நீலகிரியில் வாங்கிக்கொண்டிருந்த இந்த ஒன்றையும் நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன் என்றாள்.

"யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?"

சுற்றிப் பார்த்தாள். என் முகத்தில் வந்து அவள் பார்வை நின்றது. காத்திருந்தாள். மற்றவர்களுக்கு அவ்வளவு நேரம் காத்திருக்கவில்லை.

இது மழை மாதத்துச் சரக்கு. மாசிச் சரக்கு வரும் வரை பொறுத்துப் பாருங்கள். இதுதான் நான் சொல்ல வேண்டியது. இவ்வளவுதான்!

கண்ணாடிக்கு வெளியே பனி வந்து ஒட்டி நின்றது. மேசை நீண்டுகொண்டே போவது போல இருந்தது. அதன் மறுகோடியில் பெண்கள் நிற்பது தெரிந்தது. தலையில் முக்காடு, முதுகில் கூடை. அம்மா நின்றாள். அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து பறிக்கும் பக்கத்து வீட்டுச் சரசு அக்கா நின்றார். யாரும் என்னைக் கோபித்துப் பார்க்கவில்லை. பெரட்டில் நிற்பது போலச் சும்மா நின்றார்கள், அடுத்து என்ன வேலை என்று தெரிந்துகொள்ள. நான் கழுத்துத் துணியைச் சரி செய்தேன்.

"நல்லது. அப்படியே செய்வோம்" என்றாள் ஹெலன். அடுத்ததாகக் காப்பி இயந்திரம் பழுதானதைப் பற்றிப் பேசினார்கள். அதில் நான் கருத்துச் சொன்னேன் என்பது ஞாபகம் இருக்கிறது.

பழக்க தோஷம் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரட்டுக் களத்து ரத்தம், வாயைக் கட்டிவிட்டது, பாவம் நான் என்ன செய்வேன் என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அங்கே மௌனத்துக்கு என்ன பொருள் என்று அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் இருந்தேன். ஆமாம் என்று வாயால் சொல்லாமல் ஆமாம் சொல்ல எனக்கு ஒரு வழி கிடைத்தது, அதை எடுத்துக்கொண்டேன்.

ஏன்? வேலை நிரந்தரமாகும் நேரம். தன் ஊருக்காகப் பரிந்து பேசுகிறாள் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். இரண்டும் உண்மைதான். ஆனால் அடியில் இன்னொன்று கிடந்தது. நான் பேசியிருந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டிருப்பார்கள். அந்தக் கம்பளி எங்கள் வீட்டுக் கம்பளி என்று சொல்ல வேண்டி வந்திருக்கும். சேர்ந்த புதிதில் கிரெக் என் குடும்பத்தைப் பற்றிக் கேட்டபோது, எங்கள் குடும்பம் தேயிலைக் குடும்பம் என்று சொல்லியிருந்தேன். அவன் பங்களாவையும் குதிரையையும் கற்பனை செய்துகொண்டான். நான் திருத்தவில்லை... வெட்கம்தான் காரணம். வேறொன்றும் இல்லை. அம்மாவின் வாசனைக்கு வெட்கப்பட்டேன்.

அந்த வாரமே ஹெலன் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அது உன் ஊர்ப் பக்கத்துச் சரக்கு என்று எனக்குத் தெரியும், சொந்த ஊர் என்று பார்க்காமல் தொழிலாகப் பார்த்தாய், அது எளிதல்ல என்றாள். மனதாரச் சொன்னாள். வேலை நிரந்தரமாயிற்று. நன்றி என்று சொன்னேன், அதற்கு மட்டும் குரல் தெளிவாக வந்தது.

தை பிறந்த பிறகு ஒரு சனிக்கிழமை அம்மா சொன்னாள்.

"சங்கு ஊதல புள்ள. எல்லாரும் பெரட்டுக்குப் போய் நின்னோம். தொரை வரல. கணக்கப்பிள்ளை ஐயாதான் வந்தாரு. ஃபேக்டரிய சாத்தியாச்சு, ஊட்டுக்குப் போங்கன்னு சொல்லிட்டு அவரும் அழுதாரு."

நான் டெலிபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"உங்க கம்பெனிக்காரங்க வாங்குறத நிறுத்திட்டாங்களாமே? உனக்குத் தெரியுமா?"

"மேல இருக்குறவங்க முடிவும்மா" என்றேன்.

அந்த மேசையில் மேலே யாரும் இல்லை. எல்லாரும் அதைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தோம்.

மறு வருஷம் மாசியில்தான் லீவு கிடைத்து ஊருக்குப் போனேன். குன்னூர் பஸ் நிலையத்தில் கணக்கப்பிள்ளை எதிர்ப்பட்டார். பேரன் வீட்டுக்குத் தேவர்சோலைப் பக்கம் போய்விட்டாராம். பழைய நாட்களைப் பற்றியே பேசிவிட்டு, பஸ் கிளம்பும் நேரத்தில் சொன்னார்: "மாசி வரைக்கும் உங்க கம்பெனி கை குடுத்திருந்தா தாட்டியிருக்கலாமுங்க அம்மிணி. பனிக்காலத்து இலை நம்மளக் காப்பாத்தியிருக்குமுங்க." குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது போலச் சொன்னார்.

அந்த எஸ்டேட் எப்படியும் மூடியிருக்கும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். எத்தனையோ மூடின அல்லவா? அன்றிலிருந்து அந்த நம்பிக்கையும் ஒழுங்காக நிற்பதில்லை.

லயத்துக்குப் போகும் வழி எனக்கே பிடிபடவில்லை. தேயிலை ஒரு மரம் என்பதை அன்றுதான் பார்த்தேன். இடுப்புயரத்துக்கு வெட்டி வெட்டி நிறுத்தியதைச் செடி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். விட்டுவிட்டால் அது ஆளை மூடுகிறது. வெள்ளைப் பூக்கள் பூத்திருந்தன, ஒருவரும் பறிக்காத தளிர்கள் தலைக்கு மேலே மினுங்கின. பனி உள்ளே வந்ததும் வழி போயிற்று, மலை போயிற்று, என் காலணிகள்கூடப் போயின. எங்கிருந்தோ பெண்களின் பேச்சு வருகிறதா என்று நின்று கேட்டேன். வரவில்லை. ஒரு தளிரைக் கிள்ளி மென்றேன். கசந்து, பிறகு மெல்ல இனித்து, மூக்கு வரை மணந்தது. ஹெலன் அதைச் சுவைத்திருந்தால் எழுந்து நின்றிருப்பாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பார்க்க யாரும் இல்லாத இடத்தில் அழுவதற்கு என்ன தைரியம் வேண்டும்?

அம்மா லயத்தில்தான் இருந்தாள். வேறு எங்கே போவாள்? விடியும் முன்னே ஜீப் வரும். லயத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு கேத்திக்குப் போகும், அங்கே கேரட் பிடுங்கிக் கழுவும் வேலை. அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல் வெடிப்புகளில் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இருந்த தேயிலைக் கறை போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் செம்மண் இருந்தது.

சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து உடைந்த கேரட்டுகளை நறுக்கிக்கொண்டிருந்தாள். வேலை நன்றாகத்தான் இருக்கிறது, தண்ணீர்தான் சில்லென்று இருக்கிறது என்றாள். பிறகு நிமிராமலே கேட்டாள்.

"ஒண்ணு கேக்கவா புள்ள? நீ எடுத்துச் சொல்லியிருந்தா அவுங்க கேட்டிருப்பாங்களா?"

இதற்காகத்தான் வந்திருந்தேன். விமானத்தில் வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். கேட்டிருப்பாங்கம்மா, நான்தான் சொல்லல. புறாவிடம் சொல்லிப் பழகிய வாக்கியங்களைவிடச் சின்ன வாக்கியம். வாயைத் திறந்தேன்... அடுப்பு புகைந்தது. அம்மா கத்தியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நேரம் ஆக ஆக அவள் முகத்தில் ஏதோ இளகியது.

"கேட்டிருக்க மாட்டாங்க" என்றாள். "எனக்குத் தெரியும். சரசுகிட்டயும் அதத்தான் சொன்னேன்."

எங்கள் வழக்கப்படிதான் அவள் எடுத்துக்கொண்டாள். பேசவில்லை என்றால் இல்லை. நீண்ட நேரம் பேசவில்லை என்றால் நிச்சயமாக இல்லை. ஒரு வருஷமாக அவள் மனதை அரித்த கேள்வி தீர்ந்துபோயிற்று. கேரட்டை வாணலியில் போட்டாள். அன்றைக்கு ரொம்ப நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

அங்கே பேசாமல் இருந்து ஆமாம் சொன்னேன். இங்கே பேசாமல் இருந்து இல்லை சொன்னேன். இரண்டும் பொய். இரண்டு ஊரின் வழக்கமும் எனக்கு நன்றாகத் தெரியும், அதுதான் என் படிப்பு.

திருத்திச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அவள் தூங்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நிம்மதியைப் பறிக்க எனக்கு என்ன உரிமை என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அதுவும் என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் நியாயம்தான் என்று உங்களுக்குத் தெரிகிறது. எனக்கும் தெரிந்தது.

விடிகாலையில் அம்மாவோடு சாலைக்கு ஏறினேன். ஜீப் நின்றிருந்தது. உள்ளே பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள், தலையில் துண்டு கட்டி, வாயிலிருந்து புகை புகையாக மூச்சு விட்டுக்கொண்டு. என்னைக் கண்டதும் சரசு அக்கா இறங்கி வந்தார். சில்லிட்ட இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா, எங்களுக்காக அங்க எவ்வளவோ மல்லுக்கட்டுனியாமே. அம்மா சொல்லுச்சு. அவுங்க கேக்காட்டி நீ என்ன பண்ணுவ? மனசுல வச்சுக்காத."

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா ஜீப்பில் ஏறி, தன் இடத்தில் உட்கார்ந்து, நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் நான் பட்டம் வாங்கிய நாளில் இருந்த பெருமை இருந்தது. ஜீப்புக்குள்ளிருந்து எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஓட்டுநர்கூட எஞ்சினை முடுக்காமல் காத்திருந்தார். இல்லைக்கா, நான் பேசவே இல்லை... அங்கே, அவர்கள் எல்லாரும் ஒன்றாக இருந்த அந்த இடத்தில், அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

"குளிரா இருக்குக்கா, காதுல துணியக் கட்டிக்கங்க" என்றேன்.

சரசு அக்கா என் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஏறினார். ஜீப் பனிக்குள் போயிற்று. விளக்கு மறைந்த பிறகும் ஒவ்வொரு வளைவிலும் அதன் சத்தம் வந்துகொண்டிருந்தது. கேத்தி வரை அவர்கள் என்னைப் பற்றித்தான் நல்லபடியாகப் பேசிக்கொண்டு போயிருப்பார்கள்.